ஒருத்தி வாசலில் ஊரின் பொறுப்பு

போடியில் எங்கள் தெருக்கோடி வீட்டு வாசலில், ஒரு மார்கழி விடியலில், உரச்சாக்கு ஒன்று கிடந்தது. வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கோலம் போட வந்த பெரியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சாக்கு அசைந்தது. அவிழ்த்தால் உள்ளே ஐந்து பூனைக்குட்டிகள். ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை. இரண்டு விறைத்துப்போயிருந்தன.

“ராத்திரி வந்தவுக கதவைத் தட்டிட்டாச்சும் போயிருக்கலாம்ப்பா. விடிய விடியப் பனியில கெடந்துருக்குக” என்றார். யாரையும் திட்டவில்லை. உயிரோடிருந்த மூன்றையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். ஏலக்காய் தரம் பிரிக்கிற கூலியில் பாதி மீனுக்கும் கோழித் தலைக்கும் போகிறது என்பது தெருவுக்கே தெரியும். சாக்கைக் கொண்டுவந்து போட்டவருக்கும் தெரிந்திருக்கும்.

கம்பத்திலோ சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ விசாரித்துப் பாருங்கள். ‘பூனைக்கார அம்மா’ வீட்டை யாராவது கை காட்டுவார்கள். அவரைக் கருணைத் தெய்வம் என்கிறோம். முப்பது நாற்பது பூனைகள் சூழ உட்காரவைத்துப் படம் எடுக்கிறோம். பிறகு நம் வீட்டுப் பரணில் ஒரு பூனை குட்டி போட்டதும், சாக்கைத் தேடுகிறோம். ஒருத்தியின் கருணையைப் புகழ்ந்தபடியே நம் வேலையை அவள் தலையில் இறக்கிவைக்கிறோம். ஓர் ஊரில் ஒரே ஒரு பெண் நாற்பது பூனைகளுக்குச் சோறு போடுகிறார் என்றால், அந்த ஊரில் நாற்பது வீடுகள் தங்கள் பங்கைச் செய்யாமல் விட்டிருக்கின்றன என்றுதான் பொருள்.

மதுரைப் பெண் கொண்டுவந்த சட்டம்

விலங்குக்கு இரங்குவது தனி மனிதரின் குணம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது நாட்டின் கடமை என்று நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னவர் நம் பக்கத்துப் பெண்தான். 1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலை நடனக்கலைஞராக, கலாக்ஷேத்ராவை உருவாக்கியவராக எல்லோரும் அறிவோம். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், மறு ஆண்டே விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்தபின் அதைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதி 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டமாயிற்று. அதன்கீழ் 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. அதன் முதல் தலைவரும் ருக்மிணி தேவிதான். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு மொரார்ஜி தேசாய் அவர் பெயரை முன்மொழிய விரும்பியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டவர், விலங்குகளுக்கான வேலையை மட்டும் கடைசிவரை விடவில்லை.

வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவதை அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. தண்டனை என்ன தெரியுமா? முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். 1960-இல் 50 ரூபாய் ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் பெரும்பங்கு. இன்று இரண்டு பேர் காலைச் சிற்றுண்டி சாப்பிட அது போதாது. சட்டம் ஊட்ட நினைத்த அச்சத்தை விலைவாசி தின்றுவிட்டது. விலங்கைக் கொன்றாலோ நஞ்சு வைத்தாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆனால், கட்டிய சாக்கு விடியும்வரை பனியில் கிடந்தது என்று காவல் நிலையத்தில் போய்ச் சொல்லும் துணிவு, கூலிக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கு வரும்?

சென்னை கற்ற பாடம்

ருக்மிணி தேவி சட்டத்தின் வழியே போனார். அதே காலத்தில் சென்னையில் இன்னொரு பெண் தன் வீட்டு வாசலைத் திறந்துவைத்தார். உஷா சுந்தரம் விமானி. 1951-இல் கணவர் கேப்டன் வி.சுந்தரத்துடன் லண்டனிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டிவந்து சாதனை படைத்தவர். அந்தத் தம்பதி தெருவில் அடிபட்ட உயிர்களைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கத் தொடங்கியதுதான் புளூ கிராஸ் அமைப்பாக வளர்ந்தது.

எத்தனை பெரிய வீடானாலும் ஒருநாள் நிரம்பிவிடும். எடுத்து வளர்ப்பதால் மட்டும் தெரு விலங்குகளின் துயரம் குறையாது, பிறப்பைக் கட்டுப்படுத்தியாக வேண்டும் என்ற திட்டத்தை 1964-லேயே புளூ கிராஸ் சென்னை மாநகராட்சியின் முன் வைத்தது. அன்று நாய்களைப் பிடித்துக் கொல்வதே நகராட்சிகளின் வழக்கம். மாநகராட்சி மனம் மாறிக் கருத்தடைத் திட்டத்தை ஏற்க 1996 ஆகிவிட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள். நடுவில் கொல்லப்பட்ட உயிர்களுக்கு எந்தக் கணக்கு ஈடாகும்? அதே 1996-இல்தான் மதுரையிலிருந்து நம் தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது. சென்னை அன்று கற்ற பாடத்தை, பூனைகளைப் பொறுத்தவரை, நம் ஊர்கள் இன்னும் படிக்கவே தொடங்கவில்லை.

2025 ஆகஸ்ட் மாதம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினோரு நாளில் அதைத் திருத்தி, வெறிநோயோ மூர்க்கமோ இல்லாதவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ஒரு தலைநகரமே தன் தெருவிலங்குகள் அத்தனைக்கும் கூரை போட முடியாதபோது, போடியின் ஓட்டு வீட்டுக்காரப் பெண்ணால் மட்டும் எப்படி முடியும்?

பொங்கலுக்குள் தாயாகும் குட்டி

கணக்கைப் பார்ப்போம். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதல். ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள். சித்திரையில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழா நடக்கும்போது பிறந்த குட்டி, தைப்பொங்கலுக்குள் தானே தாயாகிவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. ஒன்றை எடுத்து வளர்க்கும் வேகத்தைவிடப் பத்தைப் பிறப்பிக்கும் வேகம் எப்போதும் முந்திக்கொள்ளும்.

சாக்கில் வரும் குட்டிகளின் கதி இன்னும் மோசம். பிறந்து நான்கு வாரம் ஆகாத குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், பால் புகட்ட வேண்டும். தாய் நக்கிக் கொடுப்பதுபோல ஈரத்துணியால் தடவிவிட்டால்தான் சிறுநீரே கழிக்கும். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. பகலெல்லாம் கூலிக்குப் போய்வரும் பெண்ணால் எத்தனை குட்டிகளுக்கு இதைச் செய்ய முடியும்? ‘அந்த அம்மா காப்பாத்திருவாங்க’ என்று நம்பி விட்டுவந்த குட்டிகளில் பெரும்பாலானவை அவர் மடியில்தான் சாகின்றன. நம் வாசலில் நிகழவேண்டிய சாவை அவர் வாசலுக்கு மாற்றி, நம் மனத்தை மட்டும் லேசாக்கிக்கொள்கிறோம்.

அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனைகளுக்கும் அந்தச் சாக்கு ஆபத்து. பூனைகளைத் தாக்கும் பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோய், வாந்தியும் கழிச்சலுமாகக் குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிடும். தடுப்பூசி இருக்கிறது. ஆனால், நாற்பது பூனைகள் நெருக்கியடித்து வாழும் வீட்டுக்குள் நோய் தொற்றிய ஒரே ஒரு குட்டி வந்துவிட்டால், ஊசி போடாத அத்தனைக்கும் கேடு.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகளும் உண்டு. பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று ஆசைப்பட்ட பூனையைப் போன்றவன் நான் என்று கம்பர் அவையடக்கம் சொன்னார். பூனைக்குப் பால் என்பது அத்தனை பழைய நம்பிக்கை. உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்த்தால், புலாலில் கிடைக்கும் டாரின் என்ற சத்து குறைந்து, பூனையின் கண்ணும் இதயமும் கெடும். பூனை பிறவியிலேயே புலால் உண்ணி. அவித்த கோழிக் கழிவும் சிறுமீனும் ஒரு கிண்ணம் தண்ணீரும்தான் அதற்குச் சோறு.

லண்டனும் ரோமும் சிங்கப்பூரும்

வாழ்நாளையே தெருப்பூனைகளுக்குத் தந்த பெண் என்றால் உலகில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் லண்டனின் சீலியா ஹேமண்ட். 1960-களில் பத்திரிகை அட்டைகளை அலங்கரித்த விளம்பர அழகி. பூட்டிக்கிடந்த ஒரு வீட்டுக்குள் பட்டினியில் சிக்கியிருந்த பூனையைக் கண்டது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஒளிவிளக்குகளை விட்டுவிட்டு, இரவுகளில் தொழிற்சாலை மூலைகளிலும் இடிந்த கட்டடங்களிலும் கூண்டு வைத்துப் பூனைகளைப் பிடிக்கப் போனார். தெருப்பூனைகளைக் கொன்றொழிப்பதே தீர்வு என்று அங்கும் நம்பிய காலம் அது. அவர் பிடித்தார், கருத்தடை செய்வித்தார், பிடித்த இடத்திலேயே விட்டார். 1986-இல் தன் பெயரில் அறக்கட்டளை அமைத்தார். 1995-இல் லூயிஷம் பகுதியில் குறைந்த கட்டணக் கருத்தடை மருத்துவமனையைத் திறந்தார். காப்பகமும் நடத்தினார்தான். ஆனாலும், காப்பகத்துக்கு வரவேண்டிய தேவையே இல்லாமல் ஒரு குட்டியைக் காப்பதுதான் பெரிய காப்பு என்பதை அவர் மருத்துவமனை ஏழை வீடுகளுக்கெல்லாம் சொல்லித்தந்தது.

ரோம் நகரின் லார்கோ டி டோரே அர்ஜென்டினாவில் பழங்காலக் கோயில்களின் இடிபாடுகளுக்கு நடுவே பூனைகள் வாழ்கின்றன. அவற்றுக்குச் சோறு போடும் பெண்களுக்கு அங்கே ‘கத்தாரே’ என்று தனிப்பெயரே உண்டு. நாம் ‘பூனைக்கார அம்மா’ என்கிறோமே, அதேதான். நடிகை அன்னா மன்யானியும் அங்கே பூனைகளுக்கு உணவிட்டவர். 1991-இல் இத்தாலி இயற்றிய 281-ஆம் எண் சட்டம், தெருவில் சுதந்திரமாக வாழும் பூனைகளுக்குப் பாதுகாப்பளித்து, அவற்றுக்குக் கருத்தடை செய்து மீண்டும் அவற்றின் கூட்டத்திலேயே விடும் பொறுப்பை அரசுச் சுகாதாரத் துறையிடம் தந்தது. சோறு போடுவது அம்மாக்களின் வேலை, அறுவை சிகிச்சை அரசின் வேலை என்று அங்கே பங்கு பிரிந்தது.

நம் உறவினர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கப் பல ஆண்டுகள் தடை இருந்தது. மாடிப்படிக்குக் கீழே வாழ்ந்த பூனைகளை அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே காத்துவந்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் தடை நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் வேண்டும், உடலில் மின்னணு அடையாளச் சில்லு பொருத்த வேண்டும். கண்டும் காணாமல் விட்டிருந்ததை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஒழுங்கும் வகுத்தார்கள்.

பள்ளத்தாக்கின் கடன்

பூனைக்கும் நமக்கும் உள்ள உறவு செல்லம் கொஞ்சுவதில் தொடங்கியதில்லை. தானியத்தைச் சேமித்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கைவிடப் பூனையிடம் அதிகம் கடன்பட்ட பூமி எது? நெல் குடோனிலும் அரிசிக் கடையிலும் மண்டியிலும் சம்பளம் கேட்காத காவலாளி அது. எலிக்கு வைத்த நஞ்சைத் தின்று சாகக்கிடக்கும் எலியைக் கவ்வி, தானும் சேர்ந்து சாவதும் அதுதான்.

‘காட்டுல விட்டா பொழச்சுக்கும்’ என்று சுருளி அருவிப் பக்கமும் குமுளி மலைப்பாதையிலும் விடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப்பூனை காட்டு விலங்கில்லை. காட்டில் விட்டால் பல பூனைகள் பட்டினியிலோ மற்ற விலங்கின் வாயிலோ சாகும். பிழைத்தவை பறவைகளையும் ஓணான்களையும் அழிக்கும், காட்டுப்பூனைகளோடு கலக்கும், ஊரின் நோயைக் காட்டுக்குள் கொண்டுபோகும். 2021-இல் புலிகள் காப்பகமான திருவில்லிபுத்தூர் – மேகமலைக் காடு நம் வீட்டுக் கூரைக்கு அத்தனை அருகில் இருக்கிறது. நகரத்துக்காரர்களுக்கு இல்லாத பொறுப்பு இதனால் நமக்கு உண்டு.

சொல்லப்படும் தடைகள்

மனிதருக்கே வழியில்லாதபோது பூனைக்கா என்று கேட்பவர்கள் உண்டு. தெருவில் இந்தச் செலவைச் சுமப்பவரே வழியில்லாத மனிதர்தான். அவர் கூலியிலிருந்து போகும் பணத்தை ஊர் பகிர்ந்துகொண்டால் முதலில் பிழைப்பது ஒரு மனுஷி.

கடித்தால் வெறிநோய் வராதா? பூனைக்கும் வெறிநோய் வரக்கூடும் என்பது உண்மை. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிடித்துக் கருத்தடை செய்யும் அன்றே பூனைக்குத் தடுப்பூசியும் போட்டுவிடலாம் என்பதால், இந்த அச்சமே திட்டத்துக்கு ஆதரவான காரணம். பூனையின் கழிவால் பரவும் தொற்றை நினைத்துக் கர்ப்பிணிகளும் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கழிவை அவர்கள் அள்ளாமல் இருந்து, கையைக் கழுவி, கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் போதும்.

குறுக்கே போனால் சகுனத்தடை என்பவர்கள், பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் சொல்லப்படும் நபிமொழியைக் கேட்க வேண்டும். பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு தராமல், அதுவாக இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகத்துக்குப் போனாள் என்கிறது அது. நபித்தோழர் அபூ ஹுரைராவின் பெயருக்குப் பொருளே பூனைக்குட்டிக்காரர் என்பதுதான். வங்காளத்தில் பிள்ளைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். எந்த வழிபாட்டில் வளர்ந்தவராக இருந்தாலும் சாக்கைக் கட்டும் கைக்கு அங்கே இடமில்லை.

செய்ய முடிந்தவை

தெரு விலங்குகளின் கருத்தடைக்காக 2001-இல் வந்த மத்திய விதிகளின் தலைப்பிலேயே ‘நாய்கள்’ என்று இருந்தது. 2023-இல் அவற்றுக்குப் பதிலாக வந்த விதிகளின் தலைப்பில் அந்தச் சொல் இல்லை. தெருவிலங்குகளுக்கு உணவிட ஏற்பாடு செய்யும் பொறுப்பையும் அவை குடியிருப்போர் சங்கத்திடமும் உள்ளாட்சியிடமும் தருகின்றன. உள்ளாட்சிகள் மனம் வைத்தால் நாளையே தொடங்கலாம்.

வீரபாண்டியில் 2020-இல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. அறுவை சிகிச்சை பழக மாணவர்களுக்குக் களம் வேண்டும். ஊருக்கு அறுவை சிகிச்சை வேண்டும். மாதம் ஒருநாள் கம்பம், அடுத்த மாதம் போடி, பிறகு பெரியகுளம், உத்தமபாளையம் என்று பேராசிரியர்கள் மேற்பார்வையில் பூனைகளுக்கான கருத்தடை முகாம் நடக்கட்டும். நகராட்சி கூண்டும் வண்டியும் தரட்டும். நாய்க்குப் போடும் வலை பூனைக்கு உதவாது, கூண்டில் இரை வைத்துத்தான் பிடிக்க முடியும். எந்தப் பூனை எங்கே எத்தனை மணிக்கு வரும் என்பது தினமும் சோறு போடுகிறவருக்குத்தான் தெரியும். ஆகவே, பூனைக்கார அம்மாக்களைத் தொல்லையாகப் பார்க்காமல், அடையாள அட்டை கொடுத்துத் திட்டத்தின் பங்காளிகளாகச் சேர்க்க வேண்டும். சிகிச்சை முடிந்த பூனையின் காது நுனியைச் சிறிது கத்தரித்துவிட்டால், அது மறுமுறை கூண்டில் சிக்கினாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

ஏலக்காய் வியாபாரிகள், அரிசி ஆலைக்காரர்கள், மண்டிக்காரர்கள் ஆளுக்குப் பத்துப் பூனைகளின் செலவை ஏற்றாலே பள்ளத்தாக்கு முழுக்கப் போதுமானதாகிவிடும். 11-ஆம் பிரிவின் அபராதத்தை இன்றைய மதிப்புக்கு உயர்த்தும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர் குரல் கொடுக்க வேண்டும். மதுரையில் பிறந்தவர் முன்னின்று பெற்றுத்தந்த சட்டத்துக்கு மீண்டும் பல் முளைக்கச் செய்யும் உரிமை நமக்கும் உண்டு.

வீட்டில் குட்டி போட்டுவிட்டால்? தாயோடு எட்டு வாரம் இருக்கவிடுங்கள். குட்டிகளுக்கு வீடு தேடுங்கள். தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். அந்த எட்டு வாரமும் ஓர் அட்டைப்பெட்டியும் ஒரு பழைய சேலையும் ஒரு கிண்ணம் சோறும்தான் செலவு.

அன்று சாக்கிலிருந்து பிழைத்த மூன்றில் ஒன்றுதான் இப்போது இருக்கிறது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. “எனக்குப் பெறகு இதுகளை யாருப்பா பாப்பா?” என்று அவர் கேட்கும்போது, இன்னொரு பூனைக்கார அம்மா வருவார் என்று ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொருத்தி முதுகில் அதே சுமையை ஏற்றிவிடுவது பதிலாகாது. இரவில் சாக்கோடு வந்தவர் ஒருநாள் பகலில் வெறுங்கையோடு வந்து, கதவைத் தட்டி, “பெரியம்மா, ஆபரேஷனுக்கு எந்தப் பூனையைக் கூட்டிட்டுப் போகணும்? நான் தூக்கிட்டுப் போறேன்” என்று கேட்க வேண்டும். பெரியம்மாவின் கேள்விக்கு அதுதான் பதில்.